நாலு பிள்ளைகள், ஒரு பெட்டிப் புத்தகம்

கட்டாரில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர் பெரியகல்லாறு. சித்திரைக்கு லீவில் வருகிறார். ஒவ்வொரு முறையும் உடுப்பும் சொக்லேட்டும் கொண்டுவருபவர், இந்த முறை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறார். மகளுக்கு நாலு வயது. மகன் தரம் 3, போனில் இருந்து கண்ணை எடுக்கமாட்டான், புத்தகத்தைக் கண்டால் எழும்பி ஓடிவிடுவான். அக்காவின் மகன் தரம் 6. கடல், வள்ளம், எஞ்சின் என்று திரிகிறவன், வாசிப்பு மெதுவு. அக்காவின் மகள் தரம் 9. கையில் கிடைத்ததெல்லாம் வாசித்து முடித்து, இப்போது அம்மாவின் நாவல்களை எடுக்கத் தொடங்கிவிட்டாள். "எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் என்று ஒரு பட்டியல் தாருங்கள் அக்கா, வாங்கிவிடுகிறேன்" என்கிறார்.

தம்பி, இந்தக் கரையோரத்தில் ஒரு பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் இருபத்தொரு வருடம் வேலை செய்திருக்கிறேன். வயதை மட்டும் கேட்டு நான் எடுத்துக் கொடுத்த புத்தகங்களில் பாதிக்கு மேல் வாசிக்கப்படாமலே திரும்பி வந்திருக்கின்றன. பிள்ளையின் கையைப் பார்த்துக் கொடுத்தவை அழுக்காகி, மூலை மடிந்து, ஒரு தாளும் கிழிந்து வந்தன. எனக்கு அவைதான் சந்தோஷம். பின்னேரம் நாலு மணிக்கு அந்தப் பிள்ளை என்ன செய்கிறது, யாரோடு திரிகிறது, எதைப் பற்றிக் கேட்டால் வாய் ஓயாமல் கதைக்கும், ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் எந்த இடத்தில் தடக்குப்படுகிறது, இவ்வளவும் தெரிந்தால் புத்தகம் தெரிவு செய்வது கஷ்டமில்லை. நீங்கள் நாலு பேரைப் பற்றியும் ஓரளவு சொல்லியிருக்கிறீர்கள். அதனால் பட்டியலாக இல்லாமல் பிள்ளை பிள்ளையாகச் சொல்கிறேன்.

சின்ன மகளில் இருந்து தொடங்குவோம். நாலு வயதில் அவள் வாசிக்கப் போவதில்லை, கேட்கப் போகிறாள். அதனால் அவளுக்கு வாங்கும் புத்தகம் உண்மையில் வாசித்துக் காட்டும் ஆளுக்கு வாங்குவது. பக்கத்துக்கு ஒரு வசனம், கூடினால் இரண்டு. மிச்ச இடமெல்லாம் படம். அந்தப் படத்தில் வசனம் சொல்லாத ஒரு விஷயமாவது இருக்க வேண்டும். யானை குளத்துக்குப் போகிறது என்று எழுதியிருக்கும், மூலையில் ஒரு தவளை அதைப் பார்த்துப் பயந்து ஒளிந்திருக்கும். பிள்ளைதான் முதலில் தவளையைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் உங்களைப் பார்க்கும், "உங்களுக்குத் தெரியல்லயே" என்ற ஒரு பார்வை. அந்தப் பார்வைக்காகவே பத்துத் தரம் அதே புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைக்கும். வைக்கட்டும். திரும்பத் திரும்ப ஒரே கதையைக் கேட்கிற பிள்ளை அடுத்த சொல் என்ன என்று முன்கூட்டியே சொல்லிப் பார்க்கிறது. வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அ, ஆ எழுதிய அட்டைப் புத்தகங்களை இந்த வயதுக்கு நிறையப் பேர் வாங்குகிறார்கள். அம்மா, ஆடு, இலை, ஈ. ஒன்று இருந்தால் போதும், அதை எழுத்துச் சாமானாக நினையுங்கள். அதில் கதை இல்லை. முன்பள்ளியிலேயே அதைச் செய்கிறார்கள், வீட்டிலும் அதையே செய்தால் புத்தகம் என்றாலே பாடம் என்று பிள்ளை முடிவெடுத்துவிடும்.

நம் தமிழுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. பிள்ளை நாள் முழுக்கக் கேட்பது பேச்சுத் தமிழ், புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். "யானை நீர் அருந்தியது" என்று வாசித்தால், நம்முடைய பிள்ளை "அருந்தினது எண்டா என்ன?" என்று கேட்கும். கேட்டால் நல்லது. "குடிச்சது மகள், தண்ணி குடிச்சது" என்று சொல்லிவிட்டு, திரும்ப ஒருக்கால் "நீர் அருந்தியது" என்றே வாசியுங்கள். இரண்டும் காதில் விழ வேண்டும். முழுக்கப் பேச்சில் மாற்றிச் சொன்னால் கதை விளங்கும், ஆனால் தரம் 1 இல் எழுத்துத் தமிழைப் பார்க்கும்போது அந்நியமாக இருக்கும். முழுக்க எழுத்தில் இருப்பதை மட்டும் வாசித்தால் பாதியில் எழும்பிப் போய்விடும். வாசித்து, சொல்லி, திரும்ப வாசித்து, இப்படி வாவியின் இரண்டு கரைக்கும் ஆட்களை ஏற்றிப் போய்வரும் பாதை என்கிற மிதவைப் படகு மாதிரி. குருமண்வெளியில் நின்று மண்டூருக்குப் போய்வந்தவர்களுக்கு நான் சொல்லும் பாதை விளங்கும்.

இந்தியாவில் அச்சான படப் புத்தகங்கள் அழகானவை. சென்னையில் 1996 இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் இந்த வயதுக்கென்றே நல்ல புத்தகங்கள் போட்டிருக்கிறது. ஆனால் சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பிள்ளை என்னிடம் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, "மிஸ், தர்பூசணி கடிக்குமா?" என்று கேட்டாள். படத்தில் ஒரு குரங்குக்குப் பக்கத்தில் பாதி மறைந்தபடி ஒரு பச்சைப் பழம். அவள் அதை ஏதோ மிருகம் என்று நினைத்திருக்கிறாள். "அது வத்தகைப்பழம்" என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. நிலக்கடலை கச்சான் ஆகவும், நாற்காலி கதிரை ஆகவும், சோப்பு சவர்க்காரம் ஆகவும் அவளுக்கு மாறிவர ஒரு பெரிய ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்காக இந்தியப் புத்தகத்தை ஒதுக்க வேண்டாம், ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் தெரிவது பிள்ளைக்கு லாபம். ஆனால் பெட்டி முழுக்க அதுவாகவே இருந்தால், தன்னுடைய குசினியும் வளவும் புத்தகத்துக்குள் வராத சாமான்கள் என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். மருதமுனைப் பக்கத்துச் சின்னவள் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "இந்தப் புத்தகத்தில ஏன் ஒருத்தரும் வாப்பா எண்டு கூப்பிடுறல்ல?" அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றில் இருந்து புதிய புத்தகம் வந்தால் அதைத்தான் முதலில் தேடுவேன், இந்தக் கதைக்குள் நம்முடைய பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று.

நம் நாட்டிலேயே வந்தவையும் இருக்கின்றன. ரூம் டு ரீட் நிறுவனம் 2005 முதல் இலங்கையில் வேலை செய்கிறது; சிங்களத்திலும் தமிழிலும் சின்னப் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்களைப் போட்டிருக்கிறது. எங்கள் மட்டக்களப்பில், அமிர்தகழி ஓ.கே. குணநாதன் சிறுவர்களுக்கென்றே நீண்ட காலம் எழுதி வருபவர். கல்முனையிலோ மட்டக்களப்பு நகரத்திலோ கடைக்குப் போனால் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் உள்ளே இருந்து எடுத்துவருவார்கள். முன்தட்டில் இருப்பதெல்லாம் மாதிரி வினாத்தாள்.

அடுத்தது உங்கள் மகன். இவனைப் பற்றித்தான் கூடச் சொல்ல வேண்டும்.

புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறான் என்றால் அநேகமாக வாசிப்பதில் ஏதோ ஒரு கஷ்டம் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஓடுகிறான். போன் அவனிடம் எழுத்துக்கூட்டச் சொல்வதில்லை. தரம் 3 இல் நிறையப் பிள்ளைகள் இன்னும் எழுத்து எழுத்தாகத்தான் வாசிக்கிறார்கள். தமிழில் 247 எழுத்து. கொம்பும் காலும் விசிறியும் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் வசனத்தின் தொடக்கம் மறந்துவிடும். மறந்தால் கதை எங்கே விளங்கும்? பிள்ளைக்கு மூளை குறைவில்லை, மூளை முழுக்க எழுத்தில் செலவாகிறது. அவனுக்கு வேண்டியது அவன் வகுப்புக்குரிய புத்தகத்தைவிட ஒரு படி, சில வேளை இரண்டு படி, இலகுவான புத்தகம்.

கடையில் நின்று இதைச் சோதிக்கலாம். அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடக்குப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் சத்தம் போடாமல் ஒரு விரலை மடியுங்கள். அந்தப் பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகத்தை இப்போது அவன் தனியே வாசிக்க முடியாது. ஆனால் அவனுக்கு அது பிடித்திருந்தால் வாங்குங்கள், நீங்கள் வாசித்துக் காட்டலாம். ஒன்றிரண்டு விரல் மட்டும் மடங்கினால் அது அவனுடைய புத்தகம்.

பக்கத்தைப் பார்க்கும்போது சொற்களை எண்ணிப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறே சொல் உள்ள வசனம் என்று நினைப்போம். அந்த ஆறில் ஒன்று "ஓடிக்கொண்டிருந்தபோதெல்லாம்" என்றிருந்தால் அந்த ஒன்றே நாலு சொல்லுக்குச் சமம். தமிழில் சொல்லோடு சொல் ஒட்டிக்கொள்ளும். நல்ல சிறுவர் புத்தகம் போடுகிறவர்கள் அதைப் பிரித்து, "மரத்தில் இருந்து இறங்கி வந்தது" என்று மூச்சுவிட இடம் வைத்து எழுதுவார்கள். அக்கறை இல்லாதவர்கள் "மரத்திலிருந்திறங்கிவந்தது" என்று விடுவார்கள். எழுத்தின் அளவையும் பாருங்கள், வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். மேலே புள்ளி, விசிறி, கீழே கொக்கி என்று நம் எழுத்துக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும். நெருக்கி அடித்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் பிள்ளைக்குக் குழம்பிவிடும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருந்து சனிக்கிழமைகளில் தகப்பனோடு பாதையில் வருவான். தகப்பன் சந்தை வேலை முடித்து வரும்வரை நூலகத்தில் இருப்பான். அவனும் தரம் 3 தான். முதல்நாள் ஒரு புத்தகத்தை எடுத்தான், உழவு இயந்திரம், வெட்டு மெசின், கிரேன் என்று படம் போட்ட மெல்லிய புத்தகம். அடுத்த சனியும் அதே புத்தகம். அதற்கடுத்த சனியும் அதே. தகப்பனுக்குக் கோபம். "இவ்வளவு புத்தகம் இரிக்கி, இவன் இதையே புடிச்சிட்டு நிக்கான், வேற ஒண்ட குடுங்க மிஸ்" என்றார். நான் கொடுக்கவில்லை. அவன் படத்தை மட்டும்தான் பார்க்கிறான் என்று எனக்கும் தெரியும். எத்தனையாவது கிழமை என்று ஞாபகம் இல்லை, அவன் என் மேசைக்கு வந்து விரலை வைத்து, "குதிரைவலு எண்டா என்ன? மெசினுக்குள்ள குதிரையா இரிக்கி?" என்று கேட்டான். படத்துக்குக் கீழே மிகச் சின்ன எழுத்தில் இருந்த சொல் அது. யாரும் அவனை வாசிக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டி இருந்ததால் அவன் அந்தக் குட்டி எழுத்துவரை இறங்கிப் போயிருக்கிறான். நான் விளக்கம் சொன்னேன். அவன் வெளியே ஓடிப்போய் தகப்பனிடம், "நம்மட மெசினுக்கு எத்தின குதிரை?" என்று கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

ஆகையால் உங்கள் மகன் போனில் என்ன பார்க்கிறான் என்று ஒரு கிழமை கவனியுங்கள், அல்லது மனைவியிடம் கேளுங்கள். பறிக்க வேண்டாம், கவனியுங்கள். டைனோசரா, கிரிக்கெட்டா, பாம்பா, காரா? அதே விஷயத்தில் இரண்டு புத்தகம். பிறகு ஒரு நொடிப் புத்தகம், அதாவது விடுகதை, ஒரு பகிடிப் புத்தகம். நொடி இரண்டு வரிதான், வாசித்ததும் மற்றவனிடம் கேட்டு மடக்கலாம். வாசிப்பதால் வீட்டில் ஒரு பவர் கிடைக்கிறது என்று கண்டால் எட்டு வயதுப் பையன் விடவே மாட்டான். படக்கதையும் வாங்குங்கள். "அது படம் பார்க்கிறது, வாசிப்பில்லை" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். படக்கதையில் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில் நடந்ததைப் பிள்ளையே ஊகிக்க வேண்டும். அது லேசான வேலை இல்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றி ஒரு வார்த்தை. தரம் 3 இல் இருந்தே வினாத்தாள் கட்டுகளை வாங்கி அடுக்குகிறோம். அவனுக்கு அது தேவைப்படும் காலம் வரும், செய்யட்டும். ஆனால் அதை இந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள். அப்பா கட்டாரில் இருந்து வந்து கொடுத்த பெட்டியைத் திறந்தால் மேலே வினாத்தாள் இருந்தது என்று அவன் முப்பது வயதிலும் சொல்வான்.

அக்காவின் மகன் தரம் 6, கடல்காரன். இவனுக்கு வயது பதினொன்று, வாசிப்பு எட்டு வயதுக்குரியது என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. இலகுவான புத்தகங்களில் எல்லாம் முயலும் அணிலும்தான் வரும். அதைக் கையில் கொடுத்தால் அவனுக்கு அவமானம். அக்காவும் மச்சானும் பார்க்கிறார்கள் அல்லவா? அட்டையும் விஷயமும் பெரிய பையனுக்குரியதாகவும், வசனம் சின்னதாகவும் இருக்க வேண்டும். கதைப் புத்தகத்தில் அப்படிக் கிடைப்பது அரிது, தகவல் புத்தகத்தில் கிடைக்கும். மீன்கள், கப்பல்கள், எஞ்சின் எப்படி இயங்குகிறது, கடலுக்கடியில் என்ன இருக்கிறது. அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். புத்தகத்தில் உள்ள மீன்களில் எவை நம் கடலிலும் வாவியிலும் பிடிபடுகின்றன, அவற்றுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். சூரை, பாரை, கொடுவா, ஓரா, திரளி என்று அவன் எழுதுவான். புத்தகம் எழுதியவருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்று கண்ட பிள்ளை புத்தகத்துக்குப் பயப்படாது. ஓம், புத்தகத்தில் எழுதத்தான் சொல்கிறேன், அது அவனுடைய சொந்தப் புத்தகம். நூலகத்துப் புத்தகத்தில் மட்டும் எழுதக்கூடாது.

கதை ஒன்றும் வேண்டும் இவனுக்கு. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 இல் எழுதிய மடோல் தூவ என்ற நாவல். தமிழிலும் வந்திருக்கிறது. குழப்படிக்காரப் பையன் உபாலி, அவனுடைய கூட்டாளி ஜின்னா, இரண்டு பேரும் வீட்டை விட்டு ஓடிப்போய் வாவிக்கு நடுவில் ஆளில்லாத ஒரு தீவில் வாழப் பார்க்கிறார்கள். எழுதியவருடைய ஊர் தெற்கே கொக்கலை, அங்கேயும் ஒரு வாவி. கல்லாற்றில் தோணி தள்ளித் திரியும் பையனுக்கு அந்த உபாலியை ஒரு நிமிஷத்தில் அடையாளம் தெரியும். அவனால் தனியே வாசிக்க ஏலாது என்றால் நீங்கள் முதல் இரண்டு அத்தியாயத்தை இரவில் வாசித்துக் காட்டி, ஆவலான இடத்தில் நிறுத்தி, புத்தகத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போங்கள். பதினொரு வயதென்றால் வாசித்துக் காட்டும் வயது போய்விட்டது என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அந்த எண்ணத்தை விட வேண்டும். காதால் விளங்குவது கண்ணால் வாசிப்பதைவிட எப்போதும் சில வருடம் முன்னால் நிற்கும். அந்த இடைவெளியை யாராவது வாசித்துக் காட்டித்தான் நிரப்ப முடியும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலுக்கு வீட்டோடு போவீர்கள்தானே. வனவாசம், அருச்சுனன் தவம், தீமிதிப்பு எல்லாம் பார்த்த பிள்ளைக்குப் பாரதத்தின் ஆட்கள் ஏற்கெனவே பழக்கம். வடமோடிக் கூத்துப் பார்க்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். கதை பாதி தெரிந்திருந்தால் வாசிப்பின் பாரமும் பாதி குறைகிறது. சிறுவருக்கான சுருக்கமான மகாபாரதம் ஒன்று வாங்குங்கள். அக்காவின் மகளுக்கு என்றால் ராஜாஜியின் வியாசர் விருந்தையே கொடுக்கலாம், அது பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் பொதுவான எளிய நடை.

அந்த மூத்தவளுக்கு வருவோம். தரம் 9, எல்லாம் வாசிக்கிறாள். எல்லோரும் "இவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள், அதனால் இவளுக்கு யாருமே புத்தகம் தெரிவு செய்து கொடுப்பதில்லை. சிறுவர் தட்டு முடிந்துவிட்டது, பெரியவர் தட்டில் எதை எடுப்பது என்று தெரியாது. அதனால்தான் வீட்டில் கிடக்கும் நாவல்கள். அவற்றைப் பறிக்காதீர்கள், அவள் வாசிக்கும் வேகத்தைத் தந்ததே அவைதான். பக்கத்தில் வேறு சிலதை வையுங்கள்.

டெட்சுகோ குரோயநாகி என்ற யப்பானியப் பெண் தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி 1981 இல் எழுதிய டோட்டோ-சான், தமிழில் இந்தியாவின் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. குழப்படி என்று ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து விலக்கப்பட்ட சின்னப் பிள்ளையை, ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருக்கும் இன்னொரு பள்ளிக்கூடம் ஏற்றுக்கொள்கிறது. பத்து வயதிலும் வாசிக்கலாம், பதினாலிலும் வாசிக்கலாம், தாயும் வாசிக்கலாம். கடைசியில் போர் வந்து அந்தப் பள்ளிக்கூடம் எரிந்துபோகும். அதை நம்முடைய வீடுகளில் வாசிக்கும்போது பெரியவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் அவள் கேட்கக்கூடும், 2022 இலும் 2023 இலும் படமாக வந்த பிறகு இந்த வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்டு வந்தார்கள். முதல் பாகம் மட்டும் வாங்குங்கள். அதை அவள் முடித்து இரண்டாவதைத் தேடினால் மற்றவை நூலகத்தில் கிடைக்கும். அக்காவிடம் ஒரு அங்கத்துவ அட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஊரின் பழைய கதைகள், பாட்டுகள், வழக்கங்களில் அவளுக்கு ஆசை இருந்தால் பண்டிதர் வி.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம், 1964 இல் வந்த புத்தகம். தொடர்ந்து வாசிக்க வேண்டியதில்லை, விரும்பிய இடத்தில் திறந்து அம்மம்மாவிடம் கொண்டுபோய், "இது நீங்க பாடுற கவியா?" என்று கேட்கலாம்.

வாழ்க்கை வரலாறுகள் வாங்க நினைப்பீர்கள். கவனமாக வாங்குங்கள். சிறுவருக்கான வரலாறுகளில் பல "பிறந்தார், கற்றார், பட்டம் பெற்றார், மறைந்தார்" என்று தேதிகளை அடுக்கிவிட்டு முடிந்துவிடும். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பற்றி எந்தப் பிள்ளையும் இரண்டு பக்கம் சொல்லும், தமிழ்தினப் போட்டிக்குப் பாடமாக்கி இருக்கும். ஆனால் விஞ்ஞானம் படித்த ஒரு மனிதர், அழிந்துபோன யாழ் ஒன்று எப்படி ஒலித்திருக்கும் என்று பழைய பாட்டுகளை வைத்தும் கணக்குப் போட்டும் வருடக்கணக்காகத் தேடினார், யாழ் நூல் வெளிவந்த அதே 1947 இல் கண்ணை மூடினார் என்று சொன்னால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். அந்த மனிதர் என்னத்தைத் தேடினார் என்று சொல்கிற புத்தகத்தை எடுங்கள், பட்டங்களை மட்டும் எண்ணுகிறதை விடுங்கள்.

ஒன்றை நான் பிழையாகச் செய்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். கடலைப் பற்றிய அழகான ஒரு படப் புத்தகம் வந்திருந்தது. நடுவில் இரண்டு பக்கத்தையும் மூடி ஒரு பெரிய அலை. ஓவியம் அவ்வளவு நேர்த்தி. ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு அதைக் கொடுத்துவிட்டேன். அடுத்தநாள் தாய் அதைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் 2004 டிசம்பர் 26 சுனாமியில் தன் தங்கச்சியை இழந்தவர். பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறந்து, "அம்மா இத வாசிங்க" என்று கேட்டிருக்கிறது. பிள்ளைக்கு எதுவும் தெரியாது, அது பிறந்ததே பல வருடத்துக்குப் பிறகு. நான் பிள்ளையைப் பார்த்தேன், அந்தப் பிள்ளைக்கு யார் வாசித்துக் காட்டப் போகிறார் என்று பார்க்கவில்லை. துக்கமான கதைகளைப் பிள்ளைகளிடம் இருந்து மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாவு, பிரிவு, சண்டை எல்லாம் உள்ள நல்ல புத்தகங்கள் பிள்ளைகளுக்கு உதவுகின்றன, தங்களுக்குச் சொல்ல வராததைக் கதையில் கண்டு ஆறுகிறார்கள். ஆனால் இந்தக் கரையில் அப்படி ஒரு புத்தகத்தை வீட்டுக்குள் அனுப்பும் முன் பெரியவர்கள் ஒருமுறை முழுக்க வாசியுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கு எது இன்னும் ஆறவில்லை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, எத்தனை வாங்குவது? பெட்டி நிறைய வேண்டாம். 2022 நெருக்கடிக்குப் பிறகு கடதாசி விலை ஏறி, புத்தகமும் விலைதான். ஆளுக்கு மூன்று போதும், பன்னிரண்டு. மிச்சக் காசுக்கு அடுத்த லீவில் இன்னும் மூன்று. ஒரேயடியாக நாற்பது புத்தகத்தைக் கண்ட பிள்ளை ஒன்றையும் திறக்காது. விலையில்லாத வழியும் இருக்கிறது. பெங்களூரில் உள்ள பிரதம் புக்ஸ் 2015 இல் திறந்த ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழில் ஏராளமான படக்கதைகள் உண்டு. ஒன்று முதல் நாலு வரை வாசிப்பு நிலை போட்டிருக்கும். யாரும் தரவிறக்கலாம், அச்சடிக்கலாம். வண்ணத்தில் அச்சடித்தால் செலவு, போட்டோக்கொப்பிக் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தைத்துக் கொடுத்தால் சின்ன மகள் தானே நிறம் தீட்டுவாள், பிறகு அது அவளுடைய புத்தகம். 2005 இல் இருந்து இயங்கும் "நூலகம்" என்ற பெயருள்ள இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சிறுவர் சஞ்சிகைகளும் கிடக்கின்றன, அக்காவின் மகளுக்கு அதைக் காட்டிவிட்டால் அவளே தோண்டி எடுப்பாள்.

வாங்கியவற்றைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தை எனக்குத் தெரியும். அழகான புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் இலக்கம் ஒட்டி, அலுமாரிக்குள். திறப்பு ஒருவரிடம், அவர் பெரும்பாலும் கூட்டத்தில். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டைகளின் பெயரை மட்டும் வாசித்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் திறந்தபோது கீழ்த்தட்டில் கறையான். பிள்ளை கை வைத்துக் கிழிந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஒரு பழைய பழப்பெட்டி போதும். நாலு வயது மகளின் கைக்கு எட்டும் உயரத்தில், நிலத்தில் முட்டாமல் இரண்டு கல்லுக்கு மேல், முன்னட்டை தெரியும்படி. கடற்கரைக் காற்றில் ஈரம் ஏறும், மாரியில் கிழமைக்கு ஒருமுறை வெளியில் எடுத்துக் காற்றுப்படுத்த வேண்டும். அந்த வேலையையும் பிள்ளைகளிடமே கொடுங்கள், தட்டித் துடைக்கும்போது இரண்டு பேராவது எங்கேயாவது ஒரு பக்கத்தில் நின்றுவிடுவார்கள்.

கடைக்குப் போகும்போது மூத்தவளையும் கூட்டிக்கொண்டு போய், அவளுடைய மூன்றில் ஒன்றை அவளே தெரிவு செய்ய விடுங்கள். விலை மட்டும் சொல்லுங்கள், அட்டையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நீங்கள் வெளியில் நின்று ஒரு தேத்தண்ணி குடியுங்கள், அவள் ஆறுதலாகப் பார்க்கட்டும்.

இன்னொன்று, சின்ன மகளின் மூன்றில் ஒன்றை மட்டும் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்று அவளிடம், மற்றது திரும்பிப் போகும்போது உங்கள் பையில். இங்கே இரவு எட்டு மணி என்றால் கட்டாரில் ஐந்தரை. வேலை முடிந்து வந்ததும் வட்ஸ்அப்பில் எடுங்கள். "சாப்பிட்டயா, படிச்சயா" என்று கேட்டு நாலு வயதுப் பிள்ளையோடு இரண்டு நிமிஷத்துக்கு மேல் கதைக்க ஏலாது, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். அவள் தன் புத்தகத்தைத் திறக்கட்டும், நீங்களும் உங்களுடையதைத் திறவுங்கள். யானை வரும் பக்கம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, தவளை எங்கே என்று அவளிடம் கேளுங்கள்.